மஞ்சள்தான் வடிவு, சேர்

லண்டனில், மிட்சம் றோட்டால் குரோய்டன் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை பின்னேரம், வெயில் இன்னும் இருந்தது. நான் போட்டிருந்த கோட் என்னுடையது அல்ல, அரியம் அண்ணையுடையது. என்னைவிட இரண்டு அளவு பெரியது. அதன் வலது பையில் அளவு நாடா, இடது பையில் கடுதாசியில் சுற்றிய ஒரு துண்டு கலியாணக் கேக். கேக்கை எப்போது எடுத்தேன் என்று ஞாபகம் இல்லை. ஒரு மண்டபத்தில் எண்பது பேர் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க, சமையலறைக் கதவால் வெளியேறுகிற அவசரத்திலும் என் கை தன் கடமையைச் செய்திருக்கிறது. சட்டைப் பையில் நூல் சுற்றிய சின்ன மட்டை ஒன்று. அது மட்டும்தான் என்னுடையது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: எனக்கு விட்டுப் போகத்தான் தெரியும். எட்டாம் வகுப்பை விட்டுப் போனேன். (அது என் பிழை இல்லை. பள்ளிக்கூடத்துக் கூரை எங்களுக்கு முந்தியே போய்விட்டது.) பிறகு நாட்டை. பிறகு ஜேர்மனியில் கான்வாஸ் பை தைக்கிற ஆலை, சுவிசில் ஓர் உணவகத்தின் கோப்பை கழுவும் தொட்டி, பிரான்சில் மூன்று பேருக்கு ஒரு கட்டில் என்ற கணக்கில் ஓர் அறை. எங்கேயும் எட்டு மாதம் தாண்டியதில்லை. சில இடங்களில் போ என்றார்கள். பல இடங்களில், சொல்லப்போகிறார்கள் என்று அவர்களுடைய முகத்திலேயே தெரியும். அவர்களுக்கு ஏன் சிரமம் என்று நானே போய்விடுவேன்.

அரியம் அண்ணையும் பாரிசிலிருந்து வந்தவர்தான். ஆனால் என்னைப்போல இல்லை, நின்று வேர் விட்டவர். டூட்டிங்கில் கடைவீதியிலிருந்து ஒரு மூலை திரும்பினால் அவருடைய உடுப்புத் திருத்தும் கடை. காற்சட்டை கட்டையாக்குவது, சிப் மாற்றுவது, சேலைக்கு ஓரம் அடிப்பது எல்லாம் நடக்கும். நான் வேலை கேட்டுப் போன அன்று, "தையல் தெரியுமோ?" என்றார். "ஜேர்மனியிலை அஞ்சு வருசம் அண்ணை" என்றேன். உண்மையில் ஆறு மாதம். அதுவும் நேர்க்கோடு மட்டும். பை எல்லாம் நேர்க்கோடுதானே.

கடையின் பின்பக்கத்தில் வதனி இருந்தாள். அண்ணையின் மனைவியின் தங்கை. சேலைச் சட்டை தைப்பாள். என்னை அண்ணை என்று கூப்பிடமாட்டாள், பெயரும் சொல்லமாட்டாள். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் "இஞ்சை பாருங்கோ" என்பாள். எங்களுடைய வீடுகளில் யார் யாரை அப்படிக் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்த "இஞ்சை பாருங்கோ"வுக்குள் நான் பதினொரு மாதம் குடியிருந்தேன்.

மூன்றாம் மாதமே அண்ணை கண்டுபிடித்துவிட்டார். ஒருநாள் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், கதவைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, உன்ரை கண் எங்கை போகுது எண்டு எனக்குத் தெரியும்."

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். ஊசி எங்கே, நூல் எங்கே என்று தெரியாமல் போனது.

"மனிசியும் கேட்டவ. வதனிக்கும் விருப்பமில்லை எண்டில்லை. ஆனால் ஒண்டு. நீ ஒரு இடத்திலை ஒரு வருசம் நிண்டு காட்டு. ஒரு நாளும் குறையக் கூடாது. பேந்து நான் கதைக்கிறன்."

"ஒரு வருசம் என்ன பெரிய விசயமோ அண்ணை?"

"மற்ற ஆக்களுக்கு இல்லை. உனக்குப் பெரிய விசயம்."

அன்றே என் மெசினுக்குப் பின்னால் சுவரில், போன மாதங்களையும் சேர்த்து, தையல் சோக்கால் மாதத்துக்கு ஒரு கோடு போடத் தொடங்கினேன். பதினொரு கோடு வந்தபோது என் வாழ்க்கையில் எல்லாச் சாதனைகளும் முறிந்திருந்தன. பன்னிரண்டாம் கோட்டுக்கு இருபத்தேழு நாள் இருந்தபோதுதான் மக் ஐயா கடைக்குள் வந்தார்.

அவருடைய முழுப் பெயரை எழுதமாட்டேன், எழுதினாலும் உச்சரிக்கமாட்டேன். 'மக்' என்று தொடங்கும். மிச்சம் தொண்டைக்குள் நடக்கும். ஸ்கொட்லாந்துக்காரர். அறுபது வயது இருக்கும், வாழ்நாளில் பாதிக்கு மேல் லண்டனில் பஸ் ஓட்டியவர். அவர் பேசிய ஆங்கிலத்தில் பாதி எனக்கு விளங்காது. ஆகவே இந்தக் கட்டுரையில் அவர் யாழ்ப்பாணத் தமிழில் பேசுவார். அவர் மன்னிப்பார்.

அன்றைக்கு அண்ணை பாரிசில். சொந்தக்காரர் ஒருவரின் மகளுக்குச் சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு. போகும்போது எனக்கு ஒரே ஒரு கட்டளை இட்டுவிட்டுப் போனார்: "வாற வேலையை வாற மாதிரிச் செய். புதுசா ஒண்டும் கண்டுபிடிக்காதை."

மக் ஐயா ஒரு பழைய பெட்டியைத் திறந்து, மேசையில் ஒரு கில்ட்டை, அவர்களுடைய ஆண்கள் கட்டுகிற மடிப்புப் பாவாடையை, விரித்தார். இருண்ட பச்சை, அரக்குச் சிவப்பு, சாம்பல், நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு. பாரம் என்றால் அப்படி ஒரு பாரம்.

"அப்பான்ரை" என்றார். "இடுப்பிலை எனக்கு மூண்டு அங்குலம் கூடிப்போச்சு. இந்த வாரை மட்டும் நகர்த்தித் தைச்சால் போதும். எட்டு நாளிலை மகளுக்குக் கலியாணம்."

வாரை நகர்த்துவது பத்து நிமிட வேலை. நகர்த்தியிருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். நானோ கில்ட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க மடிப்பு. இருபத்தேழு மடிப்பு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சாணுக்குக் கிட்டத் துணி ஒளிந்து கிடந்தது. மொத்தம் எட்டு யார் என்றார். ஒரு சேலையைவிட இரண்டு யார் கூட! முதுகுக்குப் பின்னால் இவ்வளவு துணியைப் பூட்டி வைத்துக்கொண்டு மூன்று அங்குலத்துக்கு அந்தரப்படுகிற மனிதரை நான் அதுவரை கண்டதில்லை.

"வார் ஒண்டும் தேவையில்லை சேர்" என்றேன். "உள்ளுக்கை துணி கிடக்கு. மடிப்பை இளக்கி விட்டுத் தாறன்."

"நீ முந்தி கில்ட் செய்திருக்கிறியோ?"

"ஓம் சேர். ஜேர்மனியிலை."

பின்னால் வதனியின் மெசின் நின்றது.

மக் ஐயாவுக்குச் சந்தோசம். விரலைத் துணியில் வைத்து வாசிக்கத் தொடங்கினார். உண்மையாகவே வாசித்தார். பச்சை இருபத்தெட்டு இழை, சாம்பல் ஆறு, சிவப்பு பதினாறு, சாம்பல் ஆறு, மஞ்சள் நாலு. மஞ்சள் வந்ததும் விரல் திரும்பியது. சாம்பல் ஆறு, சிவப்பு பதினாறு, சாம்பல் ஆறு, பச்சை இருபத்தெட்டு. தறியில் நெடுக்கும் இதே கணக்கு, குறுக்கும் இதே கணக்கு என்றார். இந்தக் கட்டத் துணிக்கு டார்ட்டன் என்று பெயர், அது அவ்வளவுதானாம். ஒரு கோட்டிலிருந்து தொடங்கிப் போய், மஞ்சளைத் தொட்டு, போன வழியாலேயே திரும்பி வருவது.

எனக்குப் போகிற பாதி மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இந்தத் துணியைக் கண்டால் எங்கட ஆக்கள் எண்டு எவருக்கும் விளங்கும்" என்றார். பிறகு குரலைக் குறைத்து, "கனக்கப் பழசில்லை. ஆதிகாலத்திலை இருந்து வந்தது எண்டு எல்லாரும் சொல்லுவினம். என்ரை பாட்டன் காலத்திலை ஒரு துணி யாவாரி எங்கட பேரை ஒட்டி வித்தவன் எண்டும் சொல்லுகினம். எனக்கு அது தேவையில்லை. அப்பா இதைக் கட்டிக்கொண்டு நடந்ததை நான் பாத்தனான்."

அப்பாவுக்கு இரண்டு கில்ட் இருந்ததாம். பட்டாளத்துக் கில்ட் மூத்த மகனுக்குப் போனது. அவனும் பட்டாளத்தில் சேர்ந்தான். வீட்டுக் கில்ட் இவருக்கு. இவரும் சேர்ந்திருக்க வேண்டியவர். ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய காலையில் லண்டன் ரயில் ஏறிவிட்டார். "நீ எங்கட ஆள் இல்லை" என்று தமையன் சொன்னாராம். அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷம் இருவருக்கும் பேச்சு இல்லை. இப்போது மகள் தானே கடிதம் எழுதிப் பெரியப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். வருவதாகப் பதில் வந்திருக்கிறது.

"அவன் என்னைக் காணேக்கை நான் இதைக் கட்டியிருக்கவேணும்" என்றார் மக் ஐயா. "நானும் அந்த வீட்டு ஆள்தான் எண்டு அவனுக்குத் தெரியவேணும். அவ்வளவுதான்."

பிறகு பின்பக்க மடிப்பைத் தடவிக்கொண்டு இன்னும் ஏதோ நீளமாகச் சொன்னார். அது எனக்கு விளங்காத பாதிக்குள் வந்தது. "ஓம் சேர், ஓம் சேர்" என்றேன்.

போகும்போது திரும்பிக் கேட்டார்: "உங்கட குடும்பத்துக்கு என்ன துணி?"

எனக்குக் குரோய்டன் ஞாபகம் வந்தது. அங்கே குடிவரவுக் காரியாலயத்தின் பெரிய கட்டடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டாள். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்று சொன்னேன். படிவத்தில் அந்தப் பெட்டியை வெறுமையாக விட ஏலாது என்றாள். அப்பாவின் பெயரைச் சொன்னேன். அந்தக் குடும்பம் அன்றைக்கு அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் தொடங்கியது. அதில் இன்றுவரை நான் ஒருவன்தான்.

"கட்டம் போட்ட சாரம், சேர்" என்றேன். பொய் இல்லை. இரவில் அதைத்தான் கட்டிக்கொண்டு படுப்பேன். சவுத்தாலில் ஒரு கடையில் வாங்கியது.

அவர் போனதும் மடிப்புப் பிரிக்கிற ஊசியை எடுத்தேன். இருபத்தேழு மடிப்பையும் பிரித்தேன். மூன்று மடிப்பு போதும் என்று இப்போது தெரியும். ஒன்றும் பிரிக்காமல் விட்டிருந்தாலும் போதும் என்று அப்போதே மக் ஐயாவுக்குத் தெரியும். ஆனால் நான் ஜேர்மனியில் கில்ட் செய்தவன் அல்லவா.

வதனி எழும்பி வந்து பார்த்தாள். மேசையிலிருந்து வழிந்து, நிலத்தில் ஓடி, வாசலை முட்டிக்கொண்டு கிடந்தது துணி.

"இஞ்சை பாருங்கோ. இதைத் திரும்ப மடிக்கத் தெரியுமோ?"

"மடிப்பு எண்டால் மடிப்புத்தானே."

"ஜேர்மனியிலை எப்பிடி மடிச்சனீங்கள்?"

அவளுக்குத் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற விதத்திலேயே, முதல் நாளிலிருந்து தெரியும் என்பது எனக்கு விளங்கியது. காட்டிக்கொடுக்கவில்லை.

"சேலைக்குக் கொய்யகம் வைக்கிற மாதிரி வைப்பம்" என்றாள். "பிடியுங்கோ மற்றப் பக்கம்."

எட்டு யார் துணியின் ஒரு முனையில் அவள், வாசலடியில். மறுமுனையில் நான், சேலைச் சட்டைகள் தொங்குகிற இடத்தில். நீளத் துணியை இரண்டு பேர் சேர்ந்து மடித்தவர்களுக்குத் தெரியும். முதலில் இழுத்துப் பிடிப்பது. பிறகு நடந்து போய் முனையோடு முனையைச் சேர்ப்பது. கையிலிருந்து கைக்கு மாற்றுவது. திரும்பப் பின்னால் போவது. தேவை ஒன்றும் இல்லாமல் அதை நாங்கள் நாலு தரம் செய்தோம். நாலாம் தரம் அவள் கேட்டாள்:

"இதிலை மடிப்பு எங்கை இருக்கு?"

"சுருக்கம் எடுக்கிறம்" என்றேன்.

பிறகு உண்மையாகவே மடித்தோம். சேலைக்குச் செய்வதுபோல விரலால் அளந்து, ஒரே அகலத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக. நான் மடிக்க, அவள் குண்டூசி குத்தினாள். பத்து மடிப்பு வந்ததும் தள்ளி நின்று பார்த்தோம். கோடுகள் படிக்கட்டுப்போல ஏறிப் போயின. விரல் அகலமும் கட்டத்தின் அகலமும் ஒன்றில்லை. பிரித்தோம். திரும்ப மடித்தோம். இந்த முறை இறங்கிப் போயின. ஒரு நாள் போனது. இரண்டாம் நாளும் போனது. கடைக்கு வந்த ஆட்களுக்குக் காற்சட்டையை இன்னும் இரண்டு நாளில் தருவதாகச் சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் எனக்கு மூளை வேலை செய்தது. அளவை விடுவோம், ஏதாவது ஒரு கோட்டைப் பிடிப்போம் என்றேன். ஒவ்வொரு மடிப்பிலும் அதே கோடு நடுவில் வரட்டும்.

"எந்தக் கோடு?" என்றேன்.

வதனி தலையைச் சரித்து ஒரு நிமிடம் பார்த்தாள்.

"மஞ்சள்தான் வடிவு" என்றாள்.

மஞ்சள் முடிவானது. இருபத்தேழு மடிப்பிலும் நடுவில் ஒரு மஞ்சள் கோடு, நேராக, மேலிருந்து கீழே. அப்படி ஒரு ஒழுங்கு என் வாழ்க்கையில் எங்கும் வந்ததில்லை. அவள் பிடிக்க நான் தைத்தேன். நேர்க்கோடு எனக்குக் கைவந்த கலைதானே.

அன்று பின்னேரம் அவள் நூல்கட்டைப் பெட்டியிலிருந்து நூல்களை எடுத்து, சின்ன மட்டைத் துண்டு ஒன்றில் சுற்றிக்கொண்டிருந்தாள். "எங்களுக்கும் ஒண்டு வேணும்" என்றாள். அந்த 'எங்களுக்கு' என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. "நீங்கள் போன நாட்டுக்கு ஒரு நிறம்" என்று ஜேர்மனிக்குச் சாம்பல், சுவிசுக்கு வெள்ளை, பிரான்சுக்கு நீலம் என்று சுற்றினாள். டூட்டிங்குக்கு மஞ்சள். மஞ்சள் வந்ததும் வாசலில் ஆள் வந்துவிட்டது. மட்டையை என் மெசினில் வைத்துவிட்டுப் போனாள்.

"இனித் திரும்பி வாற பக்கம் சுத்தவேணும்" என்றாள். "பேந்து சுத்துவம்."

கலியாணத்துக்கு முதல் நாள் மக் ஐயா வந்தார். காற்சட்டைக்கு மேலேயே கட்டிக் கண்ணாடியில் பார்த்தார். முன்பக்கத்தில் நான் கை வைக்கவில்லை, ஆகவே முன்பக்கம் அச்சாவாக இருந்தது. இடுப்புக்கும் சரி. கண் கலங்கி என் தோளைப் பிடித்தார். கடையில் உள்ள எல்லோரும் கலியாணத்துக்கு வரவேண்டும் என்றார். பின்பக்கத்தை அவர் பார்க்கவில்லை. ஒரு கண்ணாடிதான் எங்கள் கடையில்.

சனிக்கிழமை காலை அண்ணை பாரிசிலிருந்து வந்து இறங்கினார். வெள்ளைக்காரன் கலியாணத்துக்குச் சும்மா சட்டையோடு போகக் கூடாது என்று தன் கோட்டைத் தந்தார். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு மண்டபம். அண்ணை, வதனி, நான் மூவரும் கடைசி மேசையில். வதனி மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். அது தற்செயல் என்று அவள் சொன்னாள். இன்னும் பத்தொன்பது நாள் என்று நான் மனதுக்குள் சொன்னேன்.

தமையன், பெரிய மக், வந்தார். தம்பியைவிட மெலிவு, தடிபோல நிமிர்ந்த முதுகு, நெஞ்சில் பதக்கம், இடுப்பில் பட்டாளத்துக் கில்ட். மண்டபம் திரும்பிப் பார்த்தது. மக் ஐயா நடந்து போனார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். பெரிய மக் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை, கில்ட்டைப் பார்த்தார். பச்சை, சாம்பல், சிவப்பு, சாம்பல், மஞ்சள். அவருடைய தாடை அசைந்தது. கையை நீட்டினார். முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு இரண்டு கைகளும் பிடித்துக்கொண்டதைக் கண்டு, சம்பந்தமே இல்லாத நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். இதை நான் தைத்தேன் என்று நினைத்தேன்.

மக் ஐயா மகளைக் கூப்பிடுவதற்காகத் திரும்பினார். அப்போதுதான் தமையனுக்கு அவருடைய முதுகு தெரிந்தது.

"உதென்ன?"

அந்தக் குரல் வந்ததும் மூலையில் ஊதிக்கொண்டிருந்த பைக்குழல் முனகிக்கொண்டு செத்தது.

"பட்டாளத்துக்கு வராமல் ஓடினவனுக்குப் பட்டாளத்து மடிப்போ? ஆர் உனக்கு இதைத் தந்தது?"

நான் மண்டபத்தில் கில்ட் கட்டி நின்ற ஆண்களின் முதுகுகளைப் பார்த்தேன். ஒவ்வொருவராகப் பார்த்தேன். எல்லோருக்கும் பின்பக்கம் முன்பக்கம் மாதிரியே இருந்தது. மடித்த பிறகும் கட்டம் குலையாமல், மடிப்பே இல்லாததுபோல. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோடு வருகிற கில்ட் அந்த மண்டபத்தில் இரண்டே இரண்டுதான். ஒன்று இருபது வருஷம் பட்டாளத்தில் நின்ற பெரிய மக்குடையது. மற்றது நான் தைத்தது. குடும்பத்துக்கு ஒரு மடிப்பு, பட்டாளத்துக்கு ஒரு மடிப்பு. எனக்கு விளங்காத பாதியில் மக் ஐயா தடவித் தடவிச் சொன்னது இதைத்தான்.

பாவம், மக் ஐயா தன் பின்பக்கத்தைப் பார்க்க வாலைத் துரத்துகிற நாய்போலச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றச் சுற்ற இருபத்தேழு மஞ்சள் கோடும் பளிச்சென்று விரிந்து காட்டின.

"டேய்" என்றார் அரியம் அண்ணை பல்லுக்குள். "என்னடா செய்தனி?"

"ஆர் செய்தது?" என்று பெரிய மக் மண்டபத்தைப் பார்த்துக் கேட்டார்.

நான் எழும்பினேன். வாழ்க்கையில் ஒருமுறையாவது ஓடாமல் நின்று பதில் சொல்வோம் என்று நினைத்தேன். கோட்டின் கை நீளம். என் விரல்கள்கூட வெளியே தெரியவில்லை.

"நான்தான் சேர்."

"ஏன்?"

எண்பது பேர். நான்கு மொழிகளில் எனக்குச் சில சொற்கள் தெரியும். அத்தனையும் போய்விட்டன. வாயில் வந்தது ஒன்றுதான்.

"மஞ்சள்தான் வடிவு, சேர்."

நான் வதனியைப் பார்த்தேன். அவள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள். அதைக் கண்டதும் என் கால்களுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. சமையலறைக் கதவு பக்கத்தில்தான் இருந்தது.

அடுத்த இரண்டு வருஷம் நான் டூட்டிங் பக்கம் போகவில்லை. அளவு நாடாவையும் கோட்டையும் தபாலில் அனுப்பினேன், முகவரி எழுதாமல். பிறகு ஒரு கோயில் தேரன்று, அன்னதான வரிசையில், பின்னாலிருந்து யாரோ என் கழுத்துப் பட்டியைப் பிடித்தார்கள். அரியம் அண்ணை.

"எடேய், நீ ஏன் ஓடினனி?"

"என்ன அண்ணை, தெரியாதோ..."

"விசரா! நீ கதவைச் சாத்தி ஒரு நிமிசமில்லை, அந்தப் பெரிய கிழவன் சிரிக்கத் தொடங்கினான். கதிரையிலை இருந்து, வயித்தைப் பிடிச்சுக்கொண்டு. 'முப்பத்தெட்டு வருசமா உன்னைப் பட்டாளத்திலை சேர்க்க எங்களாலை ஏலாமல் போச்சு, ஒரு தமிழன் மூண்டு நாளிலை சேர்த்துவிட்டான்' எண்டு. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதவை. அதே கில்ட்டோடை ஆடினவை. உனக்குக் கிளாசை ஊத்தி வைச்சுக்கொண்டு மண்டபம் முழுக்கத் தேடினவை."

அன்னதானத் தட்டு என் கையில் இருந்தது. சோறு விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

"வதனி அழுதவ" என்றேன்.

"அவள் எங்கை அழுதவள்? சிரிப்பை அடக்க ஏலாமல் பொத்திக்கொண்டு இருந்தவள்."

அண்ணை என் கழுத்துப் பட்டியை விட்டார். பிறகு, கடையில் அன்றைக்குக் கதவைப் பார்த்துச் சொன்னதுபோல, தேரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பத்தொன்பது நாள் பாத்தவள். இருபதாம் நாள் அந்தச் சுவரிலை கிடந்த சோக்குக் கோட்டைத் துணியாலை துடைச்சவள். போன மாசி கனடாவுக்குக் கலியாணம் கட்டிப் போயிட்டாள். நல்ல பெடியன்."

இந்தக் கதையை இன்றைக்கும் இரண்டு குடும்பங்களில் சொல்கிறார்கள். மக் ஐயா வீட்டில் கறி கருகினாலும், ரயில் தவறினாலும், பேரப்பிள்ளை பரீட்சையில் கோட்டைவிட்டாலும் யாராவது ஒருவர் எழும்பி நின்று, சட்டைக் கைக்குள் விரல்களை ஒளித்துக்கொண்டு, "மஞ்சள்தான் வடிவு, சேர்" என்பார்களாம். அரியம் அண்ணை வீட்டிலும் அப்படித்தான். கனடாவில் வதனியின் பிள்ளைகளும் சொல்கிறார்களாம், யார் சொன்னது என்று தெரியாமல். என்னை வைத்து இரண்டு குடும்பம் சிரிக்கிறது. இரண்டிலும் நான் இல்லை.

ஆனால் இதெல்லாம் பிறகு. அந்தச் சனிக்கிழமை பின்னேரம் எனக்கு ஒன்றும் தெரியாது. மிட்சம் புல்வெளி ஓரத்தில் ஒரு மர வாங்கில் குந்தியிருந்து கேக்கைத் தின்றேன். நல்ல கேக். ட்ராம் ஒன்று போனது. சட்டைப் பையிலிருந்த மட்டையை எடுத்துப் பார்த்தேன். சாம்பல், வெள்ளை, நீலம், மஞ்சள். அதற்கு அப்பால் வெறும் மட்டை. திரும்பிப் போகலாமா என்று ஒருமுறை டூட்டிங் பக்கம் பார்த்தேன். எழும்பி, மற்றப் பக்கம் நடந்தேன்.

அன்றிரவு குரோய்டனில் தெரிந்தவர் ஒருவருடைய வீட்டு ஹோலில் படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் என்னைத் தன் ஷிப்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஹோட்டல்களுக்குப் படுக்கை விரிப்புத் தோய்க்கிற பெரிய சலவைக்கூடம். மேற்பார்வைக்கு ஒரு பஞ்சாபிப் பெண் இருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மடிக்கத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எப்படி மடிக்கவேணும் எண்டு முதல் காட்டுங்கோ" என்றேன்.

படுக்கை விரிப்பு மடிக்க வகுப்பு எடுக்கச் சொன்ன ஆளை அவள் அதுவரை கண்டதில்லைபோல. விரிப்பு ஒன்றை என் கையில் தந்தாள். மறுமுனையைப் பிடிக்க ஆறடி உயரமான ஒரு போலந்துக்காரர் வந்தார். வெள்ளைத் துணி, எங்கேயும் ஒரு கோடு இல்லை. இழுத்துப் பிடித்தோம். நான் நடந்து போய் என் முனையை அவருடைய கையில் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலேயே, அடுத்த விரிப்பை எடுத்தார். மத்தியானத்துக்குள் முந்நூறு மடித்தோம்.